நரி மரமும் ஆறு மூலைச் சக்கரமும்

குச்சி சுற்றுகிறது. ஜன்னலில் ஒன்றும் அசையவில்லை.

போன கோடையில் ஒரு காலை நேரம், என் வீட்டு மாடி அறையில் நான் நின்ற நிலை இதுதான். ஒரு கையில் காலி காபி டம்ளர். இன்னொரு கையில் ஜன்னல் பட்டையைத் திருப்புகிற குச்சி. 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் குச்சி சும்மா சுற்ற ஆரம்பித்தது — இந்தப் பக்கமும் சுற்றுகிறது, அந்தப் பக்கமும் சுற்றுகிறது. பட்டைகள் மட்டும் படுத்த வாக்கில் விறைத்துக்கொண்டு நிற்கின்றன. பட்டைக்குப் பட்டை நடுவே வெயில்.

கட்டிலில் லாவண்யா. அவள் முகத்தில் வரிவரியாகச் சூரியன்.

"இன்னா ஆச்சி, பெத்தம்மா?" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

"ஒண்ணும் ஆவல. நீ தூங்கு" என்றேன்.

என்னவோ ஆகிவிட்டது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள், எழுதுவதும் அப்படித்தான். அவசரக்காரர்கள் இந்தப் பத்திக்குப் பக்கத்தில் இருக்கிற ராசிபலனைப் படித்துவிட்டு வாருங்கள். நான் இங்கேயேதான் இருப்பேன்.

எங்கள் ஊர் புத்தூர், ஆந்திராவில், தமிழ் எல்லையை ஒட்டினது. கை கால் முறிந்தால் எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து கட்டுப் போட்டுக்கொண்டு போகிற ஊர். அந்தப் பெருமை எங்களுக்கு உண்டு. பக்கத்தில் ஸ்ரீ சிட்டி என்று தொழிற்பேட்டை போட்டுக் கம்பெனிகள் வந்த பிறகு இன்னொரு பெருமையும் சேர்ந்தது: மாடி. வேலைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று எல்லோரும் வீட்டுக்கு மேல் வீடு கட்டினார்கள். மாடி இல்லாதவர்களைக் கல்யாணப் பந்தியில் கூடக் கடைசியில் உட்கார வைத்தார்கள். நானும் கட்டினேன். பந்தியில் கடைசியில் உட்கார்ந்தால் அப்பளம் வராது.

முதலில் குடிவந்தவர் ஒரு ஜப்பான்காரர். கம்பெனியில் மெஷின் பூட்ட வந்தவர். என்னை 'அம்மாசான்' என்று கூப்பிடுவார். அவர்கள் ஊரில் மரியாதைக்குப் பேரோடு 'சான்' சேர்ப்பார்களாம். எதிர்வீட்டுக்காரி என்னிடம் வந்து, "அது இன்னாடி உறவு, அம்மாவும் மச்சானும் ஒண்ணா சேந்து?" என்று கேட்டாள். ஜப்பான் உறவு என்று சொல்லி அனுப்பினேன்.

அவர்தான் அந்தக் கிழக்கு ஜன்னலுக்குப் பட்டை போட்டார். பிளைண்ட்ஸ். அகலப் பட்டைகள் அடுக்கடுக்காகத் தொங்கும். பார்க்க மரம். ஓரத்தில் ஒரு குச்சி. குச்சியைத் திருப்பினால் எல்லாப் பட்டையும் சேர்ந்து தலையைச் சாய்க்கும். வெளிச்சம் வெளியே நின்றுவிடும், காற்று மட்டும் சந்து வழியாக உள்ளே வரும். மரத்துக்கு எத்தனை புத்தி பாருங்கள்.

ஊருக்குத் திரும்பிப் போகும்போது அவர் இதை மட்டும் கழற்றாமல் விட்டுப் போனார். தேக்கு என்று நான் எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். அவர் தேக்கு என்று சொன்னதில்லை. நானும் அவரைக் கேட்டதில்லை.

அந்தப் பட்டையில் ஒரு விசித்திரம் உண்டு. குச்சியை இந்தக் கோடிக்குத் திருப்பினாலும் மூடிக்கொள்ளும், அந்தக் கோடிக்குத் திருப்பினாலும் மூடிக்கொள்ளும். நடுவில் ஓர் இடத்தில் மட்டும்தான் திறக்கும். அந்த நடு சட்டென்று சிக்காது. தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டி... ஆனால் நடுவுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தத் தெரிந்துவிட்டால், நாம் தெருவைப் பார்க்கலாம். தெரு நம்மைப் பார்க்காது. இதற்கு மேல் ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும்?

ஜப்பான்காரருக்குப் பிறகு குடிவந்தவள்தான் லாவண்யா. பலமனேர் பக்கம், பால் ஊற்றுகிற குடும்பம். தாய்மொழி தெலுங்கு. என்னைப் 'பெத்தம்மா' என்பாள், பெரியம்மா என்று அர்த்தம். ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் ஸ்க்ரூ முடுக்குகிற வேலை. இந்தப் பக்கம் வந்த பிறகு கூட வேலை செய்கிற பெண்களிடம் தமிழ் கற்றுக்கொண்டாள். நன்றாகவே பேசுவாள், ஆனால் சில நேரம் வார்த்தைக்கு வாலை வெட்டிவிடுவாள். 'சாப்பிட்டு வரேன்' என்பது அவள் வாயில் 'சாப்பிடு வரேன்' என்று வரும். 'குளிச்சிட்டு போறேன்' என்பது 'குளி போறேன்'. நான் திருத்துவதில்லை. எனக்குத் தமிழும் தெலுங்கும் இரண்டும் வாயில் ஊறியவை — ரெவின்யூ ஆபீசில் தெலுங்கு, மாட்டிடம் தமிழ். யார் எப்படிப் பேசினாலும் எனக்கு விளங்கும் என்று ஒரு கர்வம்.

கோடை தொடங்கின நேரம் அவளை நைட் ஷிப்டில் போட்டார்கள். பொழுது சாய்ந்ததும் கம்பெனி பஸ்ஸில் போவாள். விடிந்து திரும்பி வருவாள். வந்ததும் நான் காபி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவேன். காபி அவளுக்கு, ஜன்னல் எனக்கு. அவள் குடித்து முடிக்கிற வரைக்கும் நான் பட்டைச் சந்தில் எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், யார் வாசல் தெளிக்கவில்லை... நாலும் தெரிந்திருந்தால்தானே இந்தப் பத்திக்கும் விஷயம் கிடைக்கும்?

டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது தினமும் அவள் சொல்வது ஒன்றுதான்.

"தூக்கமா வருது பெத்தம்மா. போறப்போ தெற வெய்யி."

திறந்து வை என்கிறாள், பாவம், வாலை வெட்டிவிட்டாள். அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். தூங்கப் போகிறவளுக்கு ஏன் ஜன்னல் திறக்க வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் பலமனேர் மேட்டு ஊர், குளிர் ஊர். அங்கே வெயில் பட்டால்தான் தூக்கம் வரும் போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். குச்சியை இப்படியும் அப்படியும் திருப்பி, அந்த நடுவைத் தேடிப் பிடித்து, பட்டையைப் பளிச்சென்று திறந்து வைத்துவிட்டுக் கீழே இறங்குவேன். ஏதோ ஒரு பெண்ணுக்கு உபகாரம் செய்த திருப்தி.

அப்படித் தினமும் திருப்பித் திருப்பித்தான் அந்தக் காலையில் 'டக்'.

மூடியபடி உடைந்திருந்தால் கூடத் தேவலை. திறந்தபடி உடைந்தது. கத்திரி வெயில் காலம். காலையிலேயே சூரியன் மலைக்கு மேல் ஏறி நேரே கட்டிலில் வந்து படுத்துக்கொள்ளும். அதற்குப் பக்கத்தில் இவள் எங்கே படுப்பது?

போர்வை மாட்டினோம். வெளிச்சம் நின்றது, காற்றும் நின்றது. மத்தியானம் கரண்ட் வேறு போனது. அவள் எழுந்து வந்தபோது இட்லிப் பானையிலிருந்து எடுத்த மாதிரி இருந்தாள். போர்வையை நனைத்து மாட்டினோம். அது தெருவில் போகிறவர்கள் மேல் சொட்டியது. ஏதோ கோவில் தீர்த்தம் என்று ஒருத்தர் தலையில் தடவிக்கொண்டு போனார். 

கட்டிலைக் கீழே என் கூடத்தில் போட்டுக்கொள் என்றேன். என் கூடத்தில் பகலில் தூங்குவது, சந்தையில் தூங்குவது மாதிரி. என்னைத் தேடி ஆள் வந்துகொண்டே இருக்கும். நானும் பேசாமல் இருக்கிறவள் இல்லை. ஒரே பகலில் அவள் தலையணையை எடுத்துக்கொண்டு மறுபடி மாடிக்கே போய்விட்டாள்.

சில நாளில் அவள் முகம் சுருங்கிவிட்டது. ஒரு காலை, காபியை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா?"

"ராத்திரி லைன்ல கண்ணு சொருகிச்சி பெத்தம்மா. ஸ்க்ரூ கோணலா போயிட்ச்சி. சூப்பர்வைசர் பாத்துட்டாரு."

"திட்னானா?"

"திட்டினா பரவால்ல. பொறுமையா சொன்னாரு. இந்த மாசம் யாரார பெர்மனென்ட் பண்றதுன்னு பாத்துக்கினு இருக்காங்க. என் பேரு இருக்குதாம். இன்னொருவாட்டி இப்டி ஆச்சின்னா பேர எடுத்துடுவேன்னாரு."

"எடுத்தா?"

"எங்க அப்பா ஒத்துக்கமாட்டாரு. சண்ட போட்டுதான் வந்தேன். பெர்மனென்ட் ஆகலன்னா ஊருக்கு வந்துடுன்னு அனுப்பும்போதே சொன்னாரு. ஊர்ல இன்னா இருக்குது? மறுபடி பால் கேன்தான்."

அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன். காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தலைக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். துண்டு மேலும் வரிவரியாக வெயில்.

ஒரு பெண்ணின் வேலை, அவள் வீட்டை விட்டு வந்த வருத்தம், அப்பாவிடம் போட்ட சண்டை — எல்லாம் அந்த ஜன்னலின் உள்ளே எங்கேயோ ஒரு 'டக்'கில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது, இல்லையா? அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுக்கு லீவு வந்த நாளில் நாற்காலி போட்டு ஏறி, மேலே இருக்கிற பெட்டிச் சட்டத்தை இறக்கினாள். உள்ளே ஒரு நீளக் கம்பி. கம்பியின் ஒரு பக்கம் கட்டைவிரல் அளவு ஒரு டப்பி. டப்பிக்குள் பல்சக்கரம். அதில்தான் குச்சி மாட்டியிருக்கிறது. குச்சி சுற்றினால் சக்கரம் சுற்றும், சக்கரம் கம்பியைச் சுற்றும், கம்பி பட்டையைச் சாய்க்கும். அந்தச் சக்கரத்தில் ஒரு பக்கத்துப் பல் எல்லாம் மழுங்கிப்போய்... கண்ணாடியில் என் வாயைப் பார்த்த மாதிரி இருந்தது.

"இதுதான் பெத்தம்மா போச்சி. இது பேரு டில்டர். இது ஒண்ணு கெடச்சா போதும், நானே மாட்டிடுவேன். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெய்யி — கம்பி நுழையற ஓட்டை பாரு, ஆறு மூலை. நாலு மூலை குடுத்தா வாங்காத."

மறுநாள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு புத்தூர் கடைத்தெருவில் இறங்கினேன். ஹார்டுவேர் கடைக்காரன் குழாய்க்குப் போடுகிற வாஷர் காட்டினான். எலக்ட்ரிக் கடைக்காரன் மிக்ஸி ஜாருக்கு அடியில் போடுகிற கப்ளரைக் காட்டி, "இதுவும் சுத்தறதுதான் ஆயா" என்றான். பிளைவுட் கடைக்காரன் ஒன்றும் காட்டவில்லை. "பட்டையக் கழட்டிப் போட்டுட்டு பாயக் கட்டு" என்றான். முறிந்த எலும்பையெல்லாம் சேர்த்து அனுப்புகிற ஊரில் ஒரு பல்சக்கரத்துக்குக் கட்டுப் போட ஆள் இல்லை.

திருப்பதிக்கு பஸ் ஏறினேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய திரைச்சீலைக் கடை. கண்ணாடிக் கதவு, ஏசி, உள்ளே வகைவகையாகப் பட்டைகள் தொங்குகின்றன. கல்லாவில் கடைக்காரர். நான் வாயைத் திறக்கும் முன்பே கையை வெளியே நீட்டினார்.

"கொண்டக்கு பஸ்ஸு அக்கட, அவ்வா."

மலைக்கு பஸ் அங்கே என்கிறார். திருப்பதியில் இது ஒரு தொல்லை. வயசான பொம்பளை பையோடு நின்றால் மலைக்கு வழி கேட்கிறவள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். இவர் போதாக்குறைக்கு 'அவ்வா' என்று வேறு கூப்பிட்டுவிட்டார். பாட்டியாம்.

"மலைக்கு வழி எனக்குத் தெரியும் நைனா. நான் ஜன்னல் சாமான் வாங்க வந்தேன்" என்று தமிழிலேயே சொல்லி, முந்தானை முடிச்சை அவிழ்த்து டப்பியை மேஜையில் வைத்தேன்.

ஒரு பார்வைதான் பார்த்தார். தமிழுக்கு மாறினார்.

"டில்டர். இது தனியா வராது அவ்வா. செட்டே மாத்தணும்."

"பல்லு போனா பல்லுதான கட்டுவாங்க? தலையவா மாத்துவாங்க?"

"அத பல் டாக்டர்கிட்ட கேளு அவ்வா."

பதில் எனக்குப் பிடித்திருந்தது. என்னிடம் இப்படிப் பேசுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனால் அங்கே மாடியில் ஒரு பெண் துண்டை மூடிக்கொண்டு படுத்திருக்கிறாளே, விட முடியுமா?

டப்பியை மெதுவாக எடுத்து மறுபடி முடிந்துகொண்டேன். கடையை ஒரு சுற்றுப் பார்த்தேன். போகிற போக்கில் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"வீடு பூரா புதுசா போடணும்னா எத்தினி நாள் ஆவும்?"

அவர் கை கல்லா மேல் நின்றது. "எத்தன ஜன்னல்?"

"மாடியும் இருக்குது, கீழயும் இருக்குது."

இதில் பொய் ஒன்றும் இல்லை. என் வீட்டில் மாடியும் இருக்கிறது, கீழும் இருக்கிறது. போடப்போகிறேன் என்று நான் சொன்னேனா? எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். கேட்பதற்குக் கூட உரிமை இல்லையா?

"கூச்சோண்டம்மா" என்றார். உட்காருங்கள் அம்மா. அவ்வா போய் அம்மா வந்தது. ஒரு பாதாம் பால் பாட்டிலும் வந்தது. பாட்டிலில் ஸ்ட்ரா போட்ட பிறகு 'மேடம்' வந்தது. ஒரே நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்தபடி இத்தனை உயர்வு எங்கே கிடைக்கும்?

அட்டை அட்டையாகக் காட்டினார். என் வீட்டில் இருக்கிற மாதிரியே ஒன்று வந்தது.

"இது ஃபாக்ஸ் வுட் மேடம்."

"ஃபாக்ஸுன்னா நரிதான?"

"ஆமா... இது பேரு அப்டித்தான். அட்டைல எழுதியிருக்குது பாருங்க. மரம் மாதிரி இருக்கும், மரம் இல்ல. பிளாஸ்டிக்கு. தண்ணி பட்டா ஊறாது."

மரம் மாதிரி இருந்து ஆளை ஏமாற்றுகிறது. நரி என்று பேர் வைத்தவன் சரியாகத்தான் வைத்திருக்கிறான். இது நடந்த பிறகு ஒரு படித்த பிள்ளை என்னிடம் அது 'ஃபாக்ஸ்' இல்லை 'ஃபோ' என்று திருத்தினான். 'போலி' என்று அர்த்தமாம். இருக்கட்டும். எனக்கு நரிதான் பொருத்தமாகப் படுகிறது. என்ன, என் வீட்டுத் தேக்கும் அந்த நிமிஷமே நரியாகிவிட்டது. புத்தூரில் யாருக்கும் இதை நான் சொல்லவில்லை. இந்தப் பத்தியை எங்கள் தெருவில் யாரும் படிப்பதில்லை என்ற தைரியத்தில் உங்களிடம் சொல்கிறேன்.

பாதாம் பால் பாதி குடித்திருப்பேன். கதவைத் திறந்துகொண்டு ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். புருஷன் குவைத்தில் வேலை, சித்தூரில் புது வீடு கட்டியிருக்கிறார்கள், கிரகப்பிரவேசம் வருகிறது. இதெல்லாம் அவர்கள் கடைக்காரரிடம் சொன்னது. என் காது பக்கத்தில் இருந்தது. அவருக்குப் பட்டை போட ஆசை. அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம். துணியே போதும் என்கிறாள். கடைக்காரர் என்ன சொன்னாலும் அவள் உதட்டைப் பிதுக்குகிறாள். விற்கிறவன் சொன்னால் யார் நம்புவார்கள்?

நான் நாற்காலியை அவர்கள் பக்கம் திருப்பினேன். தெலுங்கில்தான் பேசினேன், உங்களுக்காகத் தமிழில் தருகிறேன். கடைக்காரர் என் தெலுங்கைக் கேட்டதும் திடுக்கிட்டார். அத்தனை நேரமும் என்னை வெளியூர்க்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தார் அல்லவா?

"எங்க வீட்ல இதான்மா போட்டிருக்குது. ஜப்பான்காரரு போட்டது."

"நல்லா இருக்குதா?"

"வெளிச்சத்த நிறுத்திடும், காத்த உட்டுடும். துணி ரெண்டையும் நிறுத்தும். அதில்லாம..." என்று அவளை மட்டும் கிட்டே கூப்பிட்டு, நடுவுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினால் எதிர்வீடு எப்படித் தெரியும் என்று காதில் சொன்னேன்.

அவள் முகம் மலர்ந்தது. சித்தூரிலும் எதிர்வீடு உண்டு போலிருக்கிறது.

"ஆனா ரிப்பேர் வந்தா?" என்றாள். "உள்ள சின்ன சாமான் எதனா ஒடைஞ்சா மொத்தமா தூக்கிப் போடணும்னு சொல்றாங்களே?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கடைக்காரரைப் பார்த்தேன். அவருக்கு அதற்குள் விளங்கிவிட்டது. நான் மட்டும் அவசரப்படவில்லை. ஸ்ட்ராவில் மிச்சம் இருந்ததை உறிஞ்சினேன். பாட்டிலைக் கீழே வைத்தேன். முந்தானை முடிச்சை அவிழ்த்தேன்.

"யாரு சொன்னது? இதோ பாரு, ஒடைஞ்சதுதான். ஆறு மூலை. இது ஒண்ணு மட்டும் வாங்கிக்கினு போலாம்னுதான் நானே இங்க வந்திருக்கேன். இந்த அண்ணன்கிட்ட கெடைக்காததா? இன்னா அண்ணா?"

கடைக்காரர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். என் ஜன்னல் கூட அத்தனை தடவை திறந்து மூடியதில்லை.

"கெடைக்கும்... கெடைக்கும் மேடம்."

குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். மூடியைத் திறந்தால் — உள்ளே டில்டர் குப்பலாகக் கிடக்கிறது. புதுசு, பழசு, குச்சி மாட்டுகிறது, கயிறு மாட்டுகிறது. தனியாக வராத சாமான், ஒரு டின் நிறைய. ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஓட்டையைப் பார்த்தேன்.

"இது நாலு மூலை."

"பாத்துட்டீங்களா" என்று சொல்லிவிட்டு இன்னொன்றைத் தேடி எடுத்தார். ஆறு மூலை. என் விரலாலேயே சுற்றிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி சுற்றியது. காசு வேண்டாம் என்றார். நான் வற்புறுத்திக் கொடுத்தேன். ஓசியில் வாங்கினால் அடுத்த தடவை மறுபடி 'அவ்வா' ஆகிவிடுவேன்.

சித்தூர்ப் பெண் அதற்குள் கலர் பார்க்க ஆரம்பித்திருந்தாள். கதவு வரைக்கும் வந்து வழியனுப்பிய கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், மாடியும் கீழயும் போடறதா சொன்னீங்களே..."

"ஜன்னல கேட்டுட்டு சொல்றேன் நைனா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றைக்கே கம்பெனி பஸ் வருவதற்கு முன்னால் லாவண்யா அதை மாட்டிவிட்டாள். கம்பியை ஆறு மூலைக்குள் நுழைத்தாள், டப்பியைச் சட்டத்தில் அழுத்தினாள், குச்சியைத் தொங்கவிட்டாள். திருப்பினால் பட்டைகள் எல்லாம் சேர்ந்து தலை சாய்த்தன. அவள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஓடினாள்.

மறுநாள் விடிந்தது. வந்தாள். காபி கொண்டு போனேன். குடித்தாள். கண் செருகிப் போய் டம்ளரை நீட்டினாள்.

"போறப்போ தெற வெய்யி, பெத்தம்மா."

புதுச் சக்கரம். இந்தத் தடவை நடு எனக்கு ஒரே திருப்பில் கிடைத்தது. பட்டையைத் திறந்தேன். வெயில் தொபுக்கென்று கட்டிலில் விழுந்தது.

லாவண்யா எழுந்து உட்கார்ந்தாள். 

"பெத்தம்மா, ஒண்ணு கேக்கட்டா? கோவிச்சிக்காத."

"கேளு."

"நானும் தெனம் தெற வெய்யின்னு சொல்றேன். நீயும் தெனம் தெறக்கற. நீ கீழ போனப்பறம் நான் எழுந்து மூடறேன். ஏன் இப்டி பண்ற?"

"இன்னாடி இது? நீ தெறன்னு சொன்ன, நான் தெறந்தேன்."

"நான் எங்க தெறன்னு சொன்னேன்? தெர வெய்யின்னு சொன்னேன்."

"அதான் நானும் சொல்றேன். தெற வெய்யி."

"இல்ல பெத்தம்மா, தெர. தெர... டிராமால போடுவாங்களே, இழுத்து மூடறது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தெலுங்கில் 'தெர' என்றால் திரை. 'தெர வெய்யி' என்றால் திரையைப் போடு, மூடு என்று அர்த்தம். தமிழில் 'தெற' என்றால் திற. எழுத்தில் ஒன்று சின்ன ர, ஒன்று பெரிய ற. எங்கள் வாயில் இரண்டும் ஒன்று. முதல் பாதியைத் தமிழில் சொல்லிவிட்டு, தூக்கத்தில் கடைசிப் பாதியைத் தெலுங்கில் சொல்லியிருக்கிறாள். இரண்டு மொழியும் வாயில் ஊறியவள் நான், முழுசையும் தமிழாகவே கேட்டிருக்கிறேன். ஒரே மொழி தெரிந்தவளாக இருந்திருந்தால், 'இன்னா சொல்ற?' என்று முதல் நாளே கேட்டிருப்பேன்.

"மொத நாளே சொல்றதுக்கு இன்னா?" என்றேன்.

"உங்க வீட்டு சாங்கியமோன்னு நெனச்சேன். காலைல ஜன்னல மூடினா லட்சுமி உள்ள வராதுன்னு சில பேர் சொல்வாங்களே. பெரியவங்களப் போயி எப்டி கேக்கறது?"

"நான் உங்க பலமனேர்ல வெயில்லதான் தூங்குவாங்கன்னு நெனச்சேன்."

"வெயில்ல யாராவது தூங்குவாங்களா, பெத்தம்மா?"

"நான் இன்னாத்த கண்டேன்? உங்க ஊரு குளிராச்சே."

அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. கீழே எதிர்வீட்டுக்காரி மாடியை அண்ணாந்து பார்த்தாள். அதைக் கவனிக்கவும் நான் தவறவில்லை.

யோசித்துப் பாருங்கள். அவளுக்கும் எனக்கும் ஒரு நாள் சண்டை வந்திருந்தால் போதும். 'எதுக்குத் தெறக்கற?' என்று அவள் கத்தியிருப்பாள், 'நீதான சொன்ன' என்று நான் கத்தியிருப்பேன், அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும். சக்கரம் உடைந்திருக்காது. நான் திறக்க, அவள் மூட, நான் திறக்க, அவள் மூட — இரண்டு பேரும் ஒருத்தி மனசை ஒருத்தி நோகடிக்காமல் அந்தச் சக்கரத்தின் பல்லை எல்லாம் தேய்த்துவிட்டோம். வீடுகளில் பார்க்கிறேன். மாமியார் மருமகள் சண்டையில் உடைகிற சாமானைவிட, மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டு இருப்பதால் உடைகிற சாமான்தான் அதிகம். ஆனால் அந்த வீடுகளைத்தான் 'எவ்வளவு ஒற்றுமை' என்கிறோம்.

இனிமேல் 'மூடு' என்று சொல் என்றேன். அவள் யோசித்தாள். 'மூடு' என்றால் தெலுங்கில் மூன்று. தூக்கக் கலக்கத்தில் மூன்று என்ன என்று குழம்பும். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து தமிழும் வேண்டாம், தெலுங்கும் வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

"க்ளோஸ், பெத்தம்மா" என்றாள்.

க்ளோஸ் செய்தேன். அறை கருத்துவிட்டது, சந்து வழியாகக் காற்று வந்தது. நான் கதவைச் சாத்தும் முன்பே அவளுக்குக் குறட்டை. அழகான பெண்கள் குறட்டை விடமாட்டார்கள் என்று நினைக்கிறவர்கள் என் மாடிக்கு வந்து கேட்கலாம்.

அன்றிலிருந்து மாசக் கடைசி வரைக்கும் அந்த மாடிக்கு நான் காவல் இருந்தேன். மீன்காரனைத் தெருமுனையிலேயே நிறுத்திக் கூவச் சொன்னேன். ஐஸ்காரனின் மணியை வாங்கி வைத்துக்கொண்டு, திரும்பிப் போகும்போது கொடுத்தேன். என்னைத் தேடி வந்தவர்களிடம் கூட ரகசியம் பேசுகிற குரலில் பேசினேன். அதனால் என் பேச்சுக்கு மதிப்பு கூடியது என்பது வேறு விஷயம். சாதாரணமாகச் சொன்னால் காதில் வாங்காதவர்கள் எல்லாம் கிட்டே வந்து கேட்டார்கள்.

அந்த மாசக் கடைசியில் ஒரு காலை. பஸ் வருகிற சத்தம் கேட்டது. எப்போதும் தூங்கி வழிந்துகொண்டு இறங்குகிறவள் அன்று ஓடி வந்தாள். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"பெத்தம்மா, பெர்மனென்ட்."

அப்படியே பலமனேருக்குப் போன் போட்டாள். அவள் அப்பாவின் குரல் எனக்கே கேட்டது, மாடுகளுக்கும் கேட்டிருக்கும். வந்துவிடு என்றவர் வாயிலிருந்தே, அங்கேயே இரு என்று வந்தது. போனை என்னிடம் கொடுத்தாள். அவர் எனக்கு நன்றி சொன்னார். எதற்கு என்று அவருக்கும் தெரியாது.

போனை வைத்த பிறகு, "சூப்பர்வைசர் இன்னா சொன்னாரு தெரியுமா?" என்றாள். "கடைசி பத்து பதினஞ்சு நாளு ஒரு ஸ்க்ரூ கூட கோணலா போகல, உன் வேலைய பாத்துதான் குடுக்கறோம்னாரு."

அவள் வேலையைப் பார்த்துத்தான் கொடுத்தார்களாம்... சொல்லிக்கொள்ளட்டும்.